மழைக்கு முன் ஒரு சாவி

புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி மழை எந்த நாளும் இறங்கலாம். ஆற்காடு சாலையில் மெட்ரோ தூண்களின் அடியில், வடபழனி முருகன் கோயிலைச் சுற்றிப் பூட்டிய கடைகளின் படிகளில், பஸ் டிப்போ பக்கத்து நடைபாதையில் இன்றிரவும் நம் மக்கள் அட்டை விரித்துப் படுப்பார்கள். அவர்களில் சிலரைப் பத்து வருடமாக நமக்குத் தெரியும். போர்வை கொடுத்தோம், சோற்றுப் பொட்டலம் கொடுத்தோம். பத்து வருடம் கழித்தும் அதே படியில்தான் படுத்திருக்கிறார்கள். இனியும் போர்வையோடு நின்றுவிட முடியாது. வீடு கேட்போம்.

நகரத்தில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. அந்தக் காப்பகங்கள் உயிர் காப்பவை. அவற்றைக் குறைக்க விடமாட்டோம். ஆனால், வருடக்கணக்கில் தெருவில் கிடந்து உடம்பும் மனசும் ஓய்ந்தவருக்குக் காப்பகம் மழைக்கு ஒதுங்கும் திண்ணைதான். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்க அங்கே வழியில்லை.

முகவரி இல்லாதவருக்கு ரேஷன் கார்டு எட்டாது. கார்டு இல்லையென்றால் மகளிர் உரிமைத்தொகையும் எட்டாது. எல்லாப் பூட்டுக்கும் வீடுதான் சாவி. அந்த வீடும் பிழைப்பு நடக்கும் இடத்தில் வேண்டும். நகர ஓரத்தில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் பட்ட பாட்டை நாம் கண்ணால் பார்த்தோம். வடபழனியில் பிழைப்பவருக்கு வடபழனியிலேயே வீடு!

முடியுமா என்று கேட்பவர்களுக்கு இதே சென்னையில் பதில் இருக்கிறது. தெருவில் அலைந்த மனநலம் குன்றிய பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் 'பேன்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். சமையல், கடைகண்ணி, சின்னச் சண்டை எல்லாம் அவர்களுடையது. மருந்துக்கும் மனத்தாங்கலுக்கும் துணையாக ஒரு பணியாளர் உண்டு. மனநோய் உள்ளவரைச் சமூகத்திலிருந்து பிரித்து வைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் சொல்கிறது. பின்லாந்து 2008இல் 'முதலில் வீடு' என்று கொள்கையாகவே அறிவித்தது. குடியை விட்டுவிட்டு வா, குணமாகி வா என்று வாசலில் நிபந்தனை போடவில்லை. நீண்டகாலம் வீடற்றிருந்தவர்களின் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது.

நாம் செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று: வரும் ஞாயிறு இரவு 10 மணிக்கு வடபழனி பஸ் டிப்போ வாசலில் கூடுவோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் பிப்ரவரி 28 என்ற ஒரே இரவில் வீடற்றவர்களை எண்ணியது. நாம் எண்ணுவதோடு நிற்காமல் தெருத் தெருவாகப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்போம். போட்டோ எடுக்கக் கூடாது. தூங்குபவரை எழுப்பக் கூடாது.

இரண்டு: ஆளுக்கொரு வீட்டுக்காரரிடம் பேசுவோம். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் 'டு லெட்' பலகை தொங்காத தெரு இல்லை. அட்வான்ஸுக்கு உண்டியல் ஏந்துவோம்.

மூன்று: நவம்பர் 1, உள்ளாட்சி நாள். பகுதி சபை கூடும்போது கும்பலாகப் போவோம். நம் வார்டில் முதல் பத்து வீடுகள், வாடகை மாநகராட்சியுடையது, வீட்டுக்கொரு துணைப் பணியாளர்: இதைத் தீர்மானமாக்காமல் எழுந்திருக்க மாட்டோம்.

வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். "அக்கம்பக்கம் என்ன சொல்லும்?" என்பார்கள். தோழர்களே, அந்த அக்கம்பக்கம் நாம்தான். அடுத்த வீட்டில் நாங்கள் இருக்கிறோம், ராத்திரி ஏதாவது என்றால் எங்கள் கதவைத் தட்டுங்கள் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். சொன்னபடி நிற்போம்.

ஞாயிறு இரவு, 10 மணி. வாருங்கள்!