கல் கரையவில்லை, காலம்தான் கரைந்தது



என் தங்கைக்குப் பித்தப்பையில் கல். அடிக்கடி வலி. லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். "கத்தி எதுக்கு? வாழைத்தண்டுச் சாறு குடி, கரைஞ்சிடும்" என்றது சொந்தம். எட்டு மாதம் குடித்தாள். போன மாதம் காய்ச்சலும் வலியுமாகத் திருச்சிக்கு ஓடினோம். பித்தப்பை வீங்கிச் சுற்றிலும் ஒட்டிக் கிடந்ததால், துளையில் தொடங்கி வயிற்றைத் திறந்து முடித்தார்கள். பிழைத்தாள்.

பார்க்க வந்தவர்கள், "பாத்தீங்களா சார், லேசர் ஆபரேஷன் ஃபெயிலியர்!" என்றார்கள்.

36 வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். இந்த விடைக்கு முட்டைதான்.

முதலில், அது லேசரே இல்லை. கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமராவில் பார்த்துச் செய்வது. இரண்டு, வாழைத்தண்டு வைத்தியம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வது. பித்தப்பை வேறு உறுப்பு. மூன்று, பாதியில் திறப்பது தோல்வியல்ல. பித்தநாளம் அறுபடாமல் காக்க எடுக்கும் முடிவு. தள்ளிப்போட்டு அழற்சி முற்றினால் அதற்கான வாய்ப்பு கூடும். தோற்றது நம் எட்டு மாதம்.

இது புதுச் சோதனையும் அல்ல. மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா 1990-லேயே செய்துவிட்டார்.

கல் உள்ள எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. வலி தராத கல்லைப் பெரும்பாலும் விட்டுவைக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர், மாமாவோ சித்தப்பாவோ அல்ல.

சமயபுரத்தாளுக்கு மாவிளக்குப் போடுங்கள், நானும் போடுகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பரணில் போடாதீர்கள்.

அந்த எட்டு மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்கள் சார்,
சமயபுரம்