பத்து லட்சம் தோட்டாவும் நான் அரைகுறையாக நடத்திய ஒரு பாடமும்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஒரு பெட்டி, அதில் வரிசையாகக் குழல்கள். ஒரு கணம் பளிச். எதிரே இருந்த மரப்பலகைகள் தூள். கீழே, "நிமிடத்துக்குப் பத்து லட்சம் தோட்டா! நம் எல்லையில் நாலு வைத்தால் ஒரு ட்ரோன் உள்ளே வராது. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் போதும் சார்" என்று ஒருவன் எழுதியிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். முதல் பெஞ்சில் இருந்தவன், கணக்கில் நூறு வாங்கியவன். அதற்கு நாற்பது பேர் கைதட்டல் பொம்மை போட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவன் மேல். அப்புறம் என் மேல். ஏனென்றால் அந்தப் பத்து லட்சத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். 2000-ஆம் ஆண்டு வாக்கில், பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, "வினாடிக்கு எத்தனை?" என்று வகுப்பில் கேட்டேன். அவன்தான் எழுந்து "16,667 சார்" என்றான். நானும் "சபாஷ்" என்றேன். பெட்டிக்குள் மொத்தம் எத்தனை தோட்டா இருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பாடத்தை முடிக்கிறேன்.

அந்த ஆயுதத்தின் பெயர் மெட்டல் ஸ்டார்ம். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் கம்பெனி, 1994-ல் தொடங்கியது. கண்டுபிடித்தவர் மைக் ஓ'ட்வயர். மளிகை வியாபாரத்தில் இருந்த மனிதர். யோசனை எளிது. சாதாரணத் துப்பாக்கியில் தோட்டா ஒவ்வொன்றாக அறைக்குள் வர வேண்டும், ஊசி அடிக்க வேண்டும், காலிக் கூடு வெளியே விழ வேண்டும். இதில் அதெல்லாம் இல்லை. ஒரே குழலுக்குள் குண்டு, மருந்து, குண்டு, மருந்து என்று முன்கூட்டியே அடுக்கி விடுவது. முன்னால் இருப்பதிலிருந்து பின்னால் வரை மின்சாரத்தால் ஒவ்வொன்றாகப் பற்றவைப்பது. தீபாவளிக்கு நீங்கள் வாங்கும் 'முப்பது ஷாட்' பெட்டியின் பெரியண்ணன் என்று வையுங்கள். திரிக்குப் பதில் கம்ப்யூட்டர்.

யோசனையை நான் கேலி செய்யவில்லை. அசையும் பாகம் இல்லை என்றால் சிக்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. சுழலும் குழல் துப்பாக்கி முழு வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், இதற்கு அந்தத் தாமதமும் கிடையாது. எந்தக் குண்டு எந்தக் கணத்தில் கிளம்ப வேண்டும் என்று துல்லியமாகச் சொல்லலாம். உரிமையாளர் கையில் மட்டும் வெடிக்கும் கைத்துப்பாக்கிக்கும் இதைப் பயன்படுத்தப் பார்த்தார்கள். அது நல்ல எண்ணம்தான். ஆனால் அடுக்கிச் சுடும் யோசனை பழையது. 1777-லேயே ஜோசப் பெல்டன் என்பவர் ஒரே குழலில் பல குண்டுகளை அடுக்கிச் சுடலாம் என்று அமெரிக்கக் காங்கிரசுக்கு எழுதினார். நூறு துப்பாக்கிக்கு ஆர்டர்கூடக் கொடுத்தார்கள். அவர் கேட்ட பணத்தைப் பார்த்ததும் கை கழுவிவிட்டார்கள்.

இப்போது நோட்டை எடுங்கள்.

அந்தச் சோதனைப் பெட்டியில் 36 குழல். சுட்டது 180 குண்டு. குழலுக்கு ஐந்து. எடுத்துக்கொண்ட நேரம் 0.01 வினாடி. 180-ஐ 0.01-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 10 லட்சத்து 80 ஆயிரம். கணக்கு சரி. ஆனால் அந்த நிமிடம் நடக்கவே இல்லை! நடந்தது நிமிடத்தின் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. அப்புறம் பெட்டி காலி. ஒருவன் ஒரு வாய் இட்லியை அரை வினாடியில் விழுங்கிவிட்டு "மணிக்கு ஏழாயிரம் வாய் சாப்பிடுவேன்" என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மையில் பத்து லட்சம் சுட வேண்டுமென்றால் குழலுக்கு ஐந்து வீதம் இரண்டு லட்சம் குழல் வேண்டும். 9 மி.மீ. குண்டு ஒன்று சுமார் 8 கிராம். பத்து லட்சத்துக்கு 8 டன், ஒரு லாரிச் சுமை. வேகம் வேறு, அளவு வேறு. ஏழாம் வகுப்புப் பாடம் இது.

அடுத்தது பின்னுதைப்பு. நியூட்டனின் மூன்றாம் விதியை ராகம் போட்டு ஒப்பித்தீர்களே, அதுதான். வேகம் வினாடிக்கு 300 மீட்டர் என்று வையுங்கள். 180 குண்டு, 8 கிராம், 0.01 வினாடி. சுமார் 43,000 நியூட்டன், அதாவது நாலு டன்னுக்கு மேல் பின்னால் தள்ளும். கைத்துப்பாக்கிக் குண்டுக்கே இவ்வளவு. இன்னொன்று, முன்னால் இருக்கும் குண்டு குழலில் ஓடும் தூரம் குறைவு, கடைசிக் குண்டுக்கு அதிகம். ஐந்தையும் ஒரே வேகத்தில் அனுப்பத் தனியாக மெனக்கெட வேண்டும்.

ராணுவத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற என் மைத்துனரிடம் வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மறுபடி லோட் பண்ண எவ்வளவு நேரம் அத்தான்?" இதில் தோட்டாப் பெட்டி வேறு, குழல் வேறு இல்லை. குழலையே கழற்றி மாட்ட வேண்டும்.

இனி குறி. வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை 0.01 வினாடியில் 3 மீட்டர்தான் நகரும். குறி தப்பினால் 180-ம் சேர்ந்தே தப்பும். அமெரிக்கக் கப்பல்களில் இருக்கும் ஃபாலன்க்ஸ் பீரங்கி வினாடிக்கு 75 குண்டுதான் சுடுகிறது. ஆனால் அதன் ராடார் வரும் ஏவுகணையையும் பார்க்கிறது, தான் அனுப்பிய குண்டுகளையும் பார்க்கிறது. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று கணக்கிட்டுச் சுடச்சுடத் திருத்திக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஒரே கணத்தில் கொட்டிவிட்டால் திருத்த என்ன மிச்சம் இருக்கும்?

நம் எல்லை என்று எழுதினாயே தம்பி, அங்கே என்ன நடந்தது? 2025 மே மாதம் ட்ரோன்கள் வந்தபோது நம் ராணுவம் சுட்டவற்றில் ஒன்று எல்-70. ஸ்வீடன் நாட்டு போஃபர்ஸ் வடிவமைப்பு, உன் அப்பா காலத்துப் பீரங்கி. நிமிடத்துக்குச் சுமார் 300 குண்டுதான். அதற்குப் புதிதாகக் கொடுத்தது கண். மின்னணுக் காட்சிக் கருவி, தானாகப் பின்தொடரும் வசதி. உக்ரைனில் ஷாஹெட் ட்ரோன்களை வீழ்த்திய ஜெர்மனியின் கெபார்ட் வண்டியும் இரண்டு குழலும் சேர்ந்து நிமிடத்துக்கு 1,100 குண்டுதான். 35 மி.மீ. அஹெட் குண்டைப் பாருங்கள். குழல் வாயைத் தாண்டும்போதே, எப்போது வெடிக்க வேண்டும் என்று அதற்கு மின்சாரம் வழியே சொல்லி அனுப்புகிறார்கள். இலக்குக்குச் சற்று முன்னால் வெடித்து 152 டங்ஸ்டன் துண்டுகளைத் தூவுகிறது. எலக்ட்ரானிக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதைக் கண்ணுக்கும் குண்டுக்கும் கொடுத்தவர்கள் பிழைத்தார்கள். வேகத்துக்குக் கொடுத்த கம்பெனி 2012-ல் நிர்வாகிகள் கைக்குப் போனது. எந்தப் பெரிய ராணுவமும் அதைத் தன் ஆயுதமாக ஏற்கவில்லை. பங்கு வாங்கிய சாதாரண ஜனங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கும் யாரோ இந்தப் பத்து லட்சத்தைத்தான் காட்டியிருப்பார்கள்.

கடைசியாக அந்தப் பட்டன். என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

மின்சாரத்தால் பற்றும் ஆயுதம் சொன்ன பேச்சைத்தான் கேட்கும் என்று நினைக்காதே. 1967 ஜூலை 29, வியட்நாம் அருகே ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். ஒரு விமானத்தை வெளி மின்சாரத்திலிருந்து தன் மின்சாரத்துக்கு மாற்றிய கணத்தில் மின்னோட்டம் எகிறியது. யாரும் தொடாமலே ஒரு ராக்கெட் கிளம்பி, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியில் பாய்ந்தது. 134 பேர் செத்தார்கள். நேரம் மிச்சம் என்று பாதுகாப்பு ஊசியை முன்னதாகவே கழற்றும் வழக்கம் வைத்திருந்தார்கள். 1991-ல் வளைகுடாப் போரில் தானியங்கி நிலையில் இருந்த ஒரு ஃபாலன்க்ஸ், ஏவுகணையை ஏமாற்றத் தூவிய உலோகத் துகள்களைச் சுட்டு, பக்கத்தில் வந்த தன் நாட்டு மிசௌரி கப்பலையே அடித்தது. 1996-ல் ஜப்பானியக் கப்பல் ஒன்று பயிற்சியில் இலக்கை விட்டுவிட்டு, அதை இழுத்துச் சென்ற அமெரிக்க விமானத்தைச் சுட்டது. நல்லவேளை, விமானிகள் இருவரும் குதித்துப் பிழைத்தார்கள்.

அளவுகோலைக் கீழே விட்டு விரலால் பிடிக்கும் பரிசோதனை நினைவிருக்கிறதா? பெரும்பாலோர் 20 செ.மீ. அளவில் பிடித்தீர்கள். அதாவது 0.2 வினாடி. மனிதன் ஒன்றைப் பார்த்துக் கை அசைக்க ஆகும் நேரம். அந்தப் பெட்டி காலியாக 0.01 வினாடி. "ஐயோ, அது நம்ம ஆள்" என்று உனக்குத் தோன்றுவதற்குள் இருபது பெட்டி காலியாகியிருக்கும். துப்பாக்கி மெதுவாக இருப்பதைக் குறை என்று நினைக்கிறோம். சுடுகிறவன் நிறுத்திக்கொள்ள இடம் இருப்பதே அந்த மெதுவில்தான். ஏ.சி. ரூம் பட்டன் பிடுங்குவது அந்த இடத்தைத்தான். எல்லையில் நம் பிள்ளைகளும் நிற்பார்கள் தம்பி. நம் குழுவிலேயே மூன்று பேர் வீட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

கணக்கில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு விரலால் தட்டியது, எழுத்துப்பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவை இதுவரை ஏழு பேர் தனித்தனியாக எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். போதும். முதல் பெஞ்சுக்காரா, உன் மேல் வருத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அந்தப் பழைய பத்திரிகைத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "16,667" என்று ஓரத்தில் எழுதியிருப்பது உன் கையெழுத்துதான்.