சூடாகும் மடிக்கணினியும் ஆய்வின் நம்பகத்தன்மையும்

கோடை தொடங்கிவிட்டால் வட இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் ஒரே முறையீடுதான்: "மடிக்கணினி கொதிக்கிறது, புதிதாக வாங்க வேண்டும்." முதற்பாதி உண்மை. பிற்பாதி பெரும்பாலும் ஆராயாது எடுத்த முடிவு. நெட் அல்லாத உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் பெறும் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்குப் புதிய கணினி என்பது பல மாத வாழ்வாதாரம்.

பணத்தினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. வெப்ப வரம்பை நெருங்கும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பல இன்டெல் பிராசசர்களில் அவ்வரம்பு 100 டிகிரி செல்சியஸ். இரண்டு அல்காரிதங்களை அடுத்தடுத்து இயக்கி, எது விரைவானது என்று அளக்கும் மாணவரை எண்ணிப் பாருங்கள். முதலாவது குளிர்ந்த கணினியில் ஓடுகிறது. இரண்டாவது சூடேறிய கணினியில். அட்டவணையில் பதிவாகும் வேறுபாடு அல்காரிதத்தால் விளைந்ததா, விசிறியில் படிந்த தூசியால் விளைந்ததா? வெப்பநிலையைக் கவனியாத இடத்தில் கால அளவீடும் ஐயத்திற்குரியதே.

ஆகவே, பிற சிக்கல்களை அணுகுவதுபோல் இதையும் முறையாக அணுகுவோம். முதலில் அளவிடுக. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ், விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் வெப்பநிலையைக் காட்டும். கடும் பணியின்போது 90 டிகிரியைத் தொடுவது மட்டுமே பழுதாகாது. சும்மா இருக்கையிலேயே சூடேறினால், பின்னணியில் ஓடும் நிரல் எதுவெனப் பார்க்க வேண்டும். நிரல் ஏதுமின்றியும் சூடேறினால் காற்றோட்டத்தை ஆராய வேண்டும். விசிறி இரைந்தும் வெளிக்காற்று மெலிந்திருந்தால் துளைகளிலும் தகடுகளிலும் தூசி அடைத்திருக்கலாம். விசிறி சுழலவே இல்லையெனில் பழுது அதனுடையது. காற்று நன்கு வந்தும், பணி தொடங்கிய சில நொடிகளில் வெப்பம் வரம்பை எட்டினால், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்க வாய்ப்புண்டு. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பகுதி புடைத்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும், எக்காரணம் கொண்டும் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

தீர்வுகளும் எளியனவே. மெத்தையின்மீது வைத்துப் பணியாற்றுவதைத் தவிர்த்தல், பின்புறத்தைச் சற்று உயர்த்துதல், தூசி நீக்குதல், பேஸ்ட் மாற்றுதல். பல விண்டோஸ் கணினிகளில் பிராசசரின் உச்ச அளவை 99 விழுக்காடாக அமைத்தால் டர்போ வேகம் நின்று வெப்பம் தணியும். சிறிது வேகம் குறையும். உத்தரவாதக் காலத்திலுள்ள கணினியைச் சேவை மையத்திடம் விடுவதே முறை. அறை வெப்பம் 42 டிகிரியெனில் எவ்விசிறியாலும் அதற்குக் கீழே கணினியைக் குளிர்விக்க இயலாது என்பதையும் மறவாதிருப்போம்.

"ஆய்வாளரின் பணி ஆய்வு, பழுதுபார்ப்பன்று" என்று சிலர் கூறக்கூடும். வேதியியல் ஆய்வகத்தில் தராசைச் சரிபார்க்காமல் எவரும் எடையைப் பதிவதில்லை. கணினியும் இன்று ஓர் ஆய்வுக் கருவி. அதற்கு மட்டும் ஏன் விலக்கு?

எனினும், இச்சுமையை மாணவரின் தோளில் மட்டும் ஏற்றுவது நேர்மையன்று. பல நாள் ஓட வேண்டிய கணக்கீடுகள் மடிக்கணினியில் நிகழ்வதே துறைகளின் குறைபாட்டைக் காட்டுகிறது. ஒவ்வொரு துறையும் பகிர்ந்து பயன்படுத்தத்தக்க சர்வர் ஒன்றை வைத்திருக்க வேண்டும். திருப்புளித் தொகுப்பு, காற்றூதி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், தெர்மல் பேஸ்ட் ஆகியவற்றைப் பொதுவில் வைத்து, பருவத்திற்கொரு நாள் பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் கணினிகளைத் தூய்மை செய்யலாம். கருத்தரங்கு ஒன்றின் தேநீர்ச் செலவே இதற்குப் போதும்.

அடுத்த துறைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இக்கோரிக்கையைச் சேர்க்குமாறு ஆய்வாளர் பிரதிநிதிகளையும், கால அளவீடுகளைக் கொண்ட ஆய்வேடுகளில் வெப்பநிலையையும் பதியுமாறு நெறியாளர்கள் கேட்க வேண்டுமென்றும் வேண்டுகிறேன்.