முறுக்கும் அளவும்

செய்முறை இல்லாத விஞ்ஞானம் விஞ்ஞானமன்று என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், பிறர் செய்து பெட்டியிலிட்டு அனுப்பிய கருவியின் முள்ளை வாசிப்பதே செய்முறை என்னும் கருத்து யாழ்ப்பாணத்துக் கல்விமரபில் ஆழ வேரூன்றிவிட்டது. கருவி வராதவிடத்துச் செய்முறையும் இல்லை. வினாத்தாளுக்குரிய விடை மட்டும் மனனமாகின்றது. இக்கருத்து தவறானது மட்டுமன்று; கேடு பயப்பதுமாகும். இதனைச் சிறியதொரு சான்று கொண்டே நிறுவலாம்.

அளவெட்டி மாணவன் ஒருவன் இறப்பர் நாடாவை முறுக்கிப் பறக்கும் மாதிரி விமானமொன்றைச் செய்கின்றான் எனக் கொள்வோம். குறைவாக முறுக்கினால் விமானம் வேலியைத் தாண்டாது. மிகையாக முறுக்கினால் நாடா அறுந்து உடலைச் சிதைக்கும். எத்தனை சுற்று முறுக்கலாம் என்பதே அவனது வினா. சுற்றுகளை எண்ணுவது போதாது. புதிய நாடாவும் பழைய நாடாவும், எண்ணெய் பூசியதும் பூசாததும், ஒரே எண்ணிக்கைச் சுற்றுக்கு ஒரே முறுக்கத்தைத் தருவதில்லை. எல்லையை அண்மிக்கும்போது முறுக்கம் சடுதியாக உயரும். அவ்வுயர்வைக் காட்டுவது எண்ணிக்கையன்று, அளவு.

அவ்வளவைக் காட்டும் கருவிக்கு வேண்டுவன சிலவே. 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள வில்லுருக்குக் கம்பி 15 சென்ரிமீற்றர், அதன் ஒரு நுனியை இறுகப் பிடிக்கும் பலகை, மறுநுனியில் நாடாவைக் கொளுவும் கொக்கி, கொக்கிக்கு அருகே கம்பி வளையாது தாங்கும் சிறு குழாய், ஒரு முள், பாகை குறித்த ஒரு மட்டை. 400 கிராம் சென்ரிமீற்றர் முறுக்கத்துக்கு இக்கம்பி ஏறத்தாழ 43 பாகை திரும்பும் எனக் கணிக்கலாம். ஆனால் கணிப்பை நம்பியிருத்தல் வேண்டா. 10 சென்ரிமீற்றர் நீளமுள்ள இலேசான புயமொன்றைக் கொக்கியிற் பூட்டி, அதன் நுனியில் 40 கிராம் நிறையைத் தூக்கி, புயம் மீண்டும் கிடையாகும்வரை கம்பியின் பின்நுனியைத் திருப்பி, திருப்பிய கோணத்தைக் குறித்துக்கொள்ளலாம். புயம் சரிந்தபடி இருக்க வாசித்தால் அளவு பிழைக்கும். ஏன் பிழைக்கும் என்று அறிந்தவன் திருப்பத்தின் இலக்கணத்தை அறிந்தவனாவான். விட்டம் இருமடங்கான கம்பியை இட்டால் விறைப்பு பதினாறு மடங்காகும் என்பதையும் அவன் கையே அவனுக்குக் கற்பிக்கும். உயர்தர வகுப்பின் ஓர் அதிகாரம் முழுவதும் அம்மட்டையில் அடங்கிவிடுகின்றது.

‘இது சிறுபிள்ளை விளையாட்டு’ என்பர் சிலர். விளையாட்டே, ஆனால் வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 1871இல் பாரிஸ் நகரப் பூங்காவொன்றில் அல்போன்ஸ் பெனோ என்பார் இறப்பர் முறுக்கினால் இயங்கும் விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 செக்கன்களில் ஏறத்தாழ 40 மீற்றர் சென்றது. 1878இல் ரைற் சகோதரருக்குத் தந்தையார் வாங்கிவந்ததும் பெனோவின் முறையைத் தழுவிய விளையாட்டுப் பொருளே. அச்சகோதரர் வளர்ந்து சைக்கிள் திருத்துவோராயினர். தம் காலத்து நூல்கள் தந்த எண்கள் பொருந்தாமை கண்டு, 1901இல் தாமே காற்றுச் சுரங்கம் அமைத்து, இரும்பு அரியும் வாளின் அலகுகளையும் சைக்கிள் கம்பிகளையும் கொண்டு தராசு செய்து, விசைகளை அளந்தனர். 1903இல் மனிதன் பறந்தமைக்கு அந்த வீட்டுத் தராசும் ஒரு காரணம். கருவி வரும்வரை அவர்கள் காத்திருந்திலர்.

‘கைப்பழக்கம் இருக்க அளவு எதற்கு?’ என்பது மற்றொரு சாராரின் வாதம். இவர்கள் மரபின் பெயராற் பேசுவர், மரபையோ அறியார். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் (1933–1975) பெயரோடு இணைந்த ஊர் அளவெட்டி. தவிற்கலைஞன் வாரை இறுக்கித் தட்டுகின்றான், கேட்கின்றான், மீண்டும் இறுக்குகின்றான். செவியே அவனது அளவுகோல். சோதித்துத் திருத்துவதே அவனது முறை. பரிசோதனை என்பது இதுவன்றி வேறென்ன? அளவை வெறுப்பது மரபன்று, சோம்பல்.

உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. அரம் பிடிக்கும் கையும் எழுதுகோல் பிடிக்கும் கையும் வெவ்வேறு குடிகளுக்கு உரியன என்னும் சாதிப் பழக்கமே அது. அளவெட்டியிற் பிறந்த கவிஞர் மஹாகவி (1927–1971), ‘தேரும் திங்களும்’ என்ற கவிதையில், நிலவைத் தொட்டு மீண்ட மானிடனையும் தேர்வடம் தொட மறுக்கப்பட்டவனையும் அருகருகே நிறுத்தினார். கைவினையை இழிவென ஒதுக்கிய சமூகம் நிலவுப் பயணத்தைப் பாடப்புத்தகத்திற் படித்துப் புள்ளி பெறலாம். அப்பயணத்துக்குரிய ஓர் ஆணியைத்தானும் செய்யாது.

திறன் இல்லாமலில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திற் குடாநாட்டார் மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அவ்வாற்றலைத் துன்பகாலத்து நினைவாகப் பேசுவோர் பலர். கல்வியின் முறையாகக் கொள்வோர் சிலர். முற்றுகை நீங்கியதும் மூளை மீண்டும் பெட்டிக் கருவிக்குக் காத்திருக்கத் தொடங்கிற்று.

விலைகொடுத்து வாங்கும் நுண்கருவிகள் வேண்டா என்பது இங்கு வாதமன்று. அவை வேண்டும். ஆனால் ஒரு கருவியையேனும் தன் கையாற் செய்து, அளவுகோடிட்டு, அதன் வழுவைத் தானே கண்டறியாதவன், வாங்கிய கருவியின் பொய்யையும் மெய்யென்றே எழுதிவைப்பான். ஆதலின், பௌதிகவியல் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் தாம் செய்த ஒரு கருவியையும் அதன் வழுவின் கணக்கையும் சமர்ப்பித்தல் வேண்டும் எனப் பல்கலைக்கழகங்கள் விதித்தல் தகும். விரிவுரையாளரும் இதற்கு விலக்காகார். 

பெயரின் தோற்றம் யாதாயினும், ‘அளவு’ என்னும் சொல் ஒலித்து நிற்கும் ஊர் அளவெட்டி. அங்குள்ள சிறுவன் ஒருவனின் கையில் கம்பியும் மட்டையும் கொடுத்துத் தொடங்கலாம். செலவு சிறிது, தடுப்பது வறுமையன்று, மனப்பான்மையே.