மரக்கறியுண்ணும் டிராகுலா

சிறுவர்க்கெனத் தயாரிக்கப்படும் தொலைக்காட்சிச் சித்திரப்படம் ஒன்றைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் ஆசிரியத் தலையங்கம் எழுதுதல் தகுமா என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். தகும் என்பதே நம் கருத்து. முதிர்ந்தோருக்குரிய நூலை எடைபோட எடுக்கும் அளவுகோலைச் சிறுவர் படைப்பென்றதும் நாம் கீழே வைத்துவிடுகிறோம். “பிள்ளைகள்தானே, எதையாவது பார்த்துச் சிரிக்கட்டும்” என்போர் ஒரு சாரார். பேய், பூதம் என்ற சொல் காதில் விழுந்ததுமே பெட்டியை அணைத்துவிடுவோர் மறு சாரார். இரு சாராரும் படைப்பைப் பாராமலே தீர்ப்புக் கூறுகின்றனர் என்பதில் வேற்றுமை இல்லை.

ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்ரர் நகரில் பிரயன் கொஸ்குரோவ், மார்க் ஹோல் என்னும் இருவர் 1976இல் ஒரு சித்திரப்பட நிலையத்தை நிறுவினர். அந்நிலையம் ஆக்கிய ‘கவுண்ட் டக்கியுலா’ 1988 முதல் 1993 வரை 65 பகுதிகளாக இங்கிலாந்தில் ஒளிபரப்பாயிற்று. அதே நிலையத்தார் 1981இல் தொடங்கிய ‘டேஞ்சர் மவுஸ்’ தொடரில் வில்லனாக வந்துபோன ஒரு தாராவே இங்கு கதாநாயகப் பதவி பெற்றது.

கதை மிக எளியது. திரான்சில்வேனியாவில் ஒரு பாழடைந்த கோட்டை. அதற்குரிய பிரபு வமிசத்தினர் தலைமுறை தலைமுறையாக இரத்தங் குடித்து வாழ்ந்தவர்கள். மாண்டுபோன பிரபுவை நூற்றாண்டுக்கு ஒரு முறை சடங்கு செய்து மீண்டும் எழுப்பலாம். இம்முறை சடங்கின்போது, இரத்தக் குப்பியை எடுக்கவேண்டிய செவிலித்தாய் தக்காளிச் சோஸ் போத்தலை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். எழுந்து வருவதோ இரத்தத்தின் பெயரைக் கேட்டாலே அருவருக்கும், மரக்கறியன்றி வேறெதனையும் தீண்டாத ஒரு தாரா!

இந்தக் கைத்தவறைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கவேண்டியதுதான். ஆனால் அதனுள் ஒரு நாடகமே அடங்கிக் கிடக்கிறது. கோட்டையின் பணியாளன் இகோர் ஒரு கழுகு. அவன் பழைய பிரபுக்களின் கொடுமையைப் பொற்காலமாக எண்ணி ஏங்குபவன். மரியாதை குன்றாத குரலில், யாரையாவது கடித்துப் பார்க்கலாகாதா என்று இளைய எசமானை ஓயாது தூண்டுவான்; ஓயாது ஏமாறுவான். மறுபுறம், வேட்டைக்காரர் வொன் கூஸ்விங் என்னும் வாத்து. இவர் ஸ்ரோக்கரின் நாவலில் வரும் வான் ஹெல்சிங்கை நையாண்டி செய்யப் படைக்கப்பட்டவர். பிரபு குலத்திற் பிறந்தவன் இரத்தங் குடிப்பவனாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவருடைய அசையா நம்பிக்கை. கண் முன்னே அத்தாரா மரக்கறி தின்பதைக் கண்டாலும் அவர் மனம் மாறுவதில்லை.

ஆக, வீட்டிலுள்ளவன் “நீ உன் குலத்தாரைப்போல் ஆகு” என்கிறான். வெளியே நிற்பவன் “நீ உன் குலத்தாரே” என்கிறான். அது தானாக இருக்க இருவரும் இடங்கொடுப்பதில்லை. எஞ்சியவள் செவிலி ஒருத்தியே. கதவு இருப்பதை மறந்து சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வரும் பேருருவக் கோழி அவள், அறிவில் மந்தம். குலம், கோத்திரம் எதுவும் அவள் தலையில் ஏறுவதில்லை. தன் பிள்ளை பசியோடிருக்கிறானா என்பதே அவள் கவலை. முட்டாளாகச் சித்திரிக்கப்பட்டவளிடம் மாத்திரம் இந்தத் தெளிவை வைத்த எழுத்தாளரை நாம் எளிதிற் புறந்தள்ளிவிட முடியாது.

இவ்வகைத் தொடர்கள் எல்லாமே இத்தகையன அல்ல. 1970இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘குரூவி கூலீஸ்’ தொடரில் டிராகுலாவின் சாயலும், பிராங்கன்ஸ்ரைன் பூதத்தின் சாயலும், ஓநாய் மனிதனின் சாயலும் ஒரே மாளிகையிற் கூடிப் பாட்டுப் பாடுகின்றன, துணுக்குகள் சொல்கின்றன. பற்களும் தையற் தழும்புகளும் அங்கு வெறும் வேடம். அவ்வேடத்தைக் களைந்துவிட்டு மூன்று கோமாளிகளை நிறுத்தினாலும் கதைக்கு நட்டமில்லை. பொழுதுபோக்கென்ற வகையில் அதனைக் குறைகூற வேண்டியதில்லை; ஆனால் அதனை இதனோடு ஒரே தட்டில் வைத்தலும் ஆகாது.

வேடம் என்றோம். அவ்வேடத்தின் வரலாறு இலக்கிய மாணவர் அறியத்தக்கது. மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்ரைன்’ 1818இலும், பிராம் ஸ்ரோக்கரின் ‘டிராகுலா’ 1897இலும் வெளிவந்தன. எனினும் இன்று பிள்ளைகள் அடையாளங் காணும் உருவங்கள் அந்நூல்களிலிருந்து வந்தவை அல்ல. தட்டைத் தலையும் கழுத்திலே துருத்தும் ஆணிகளும் 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக ஒப்பனைக் கலைஞர் ஜக் பியர்ஸ் அமைத்தவை. மாலை விருந்துக்குரிய உடையும் மேலங்கியுமாக நிற்கும் டிராகுலாவை மக்கள் மனத்திற் பதித்தவர், அதே ஆண்டிலே நடித்த பெலா லுகோசி. சூரிய ஒளி பட்டால் இரத்தக் காட்டேரி அழிந்துவிடும் என்பதுகூட 1922இல் ஜேர்மனியில் எடுக்கப்பட்ட ‘நொஸ்பெராட்டு’ என்னும் மௌனப்படத்தின் கற்பனையே. ஸ்ரோக்கரின் டிராகுலா பட்டப்பகலில் இலண்டன் வீதியில் நடமாடுகிறான். 1957இல் இப்பழைய திகிற் படங்களில் 52 அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டன. கொட்டகையிருளில் இருந்த பூதம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது அப்போதுதான். கூடத்துக்கு வந்த பூதத்திடம் நெடுநாள் அஞ்ச முடியுமா? 1964இல் ‘மன்ஸ்ரர்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரில் அப்பூதமே குடும்பத் தலைவனாகி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டது!

அச்சத்தை நகைப்பாக்குதல் மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த வித்தையன்று. போர்க்களத்திலே கூழ் அடும் பேய்களைக் கலிங்கத்துப்பரணியிற் கண்டு களித்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. ஆனால் பரணியின் பேய் நகைப்பூட்டும்போதும் பேயாகவே இருக்கிறது. அதன் பசி உண்மையான பசி. இதுதான் நாம் வற்புறுத்த விரும்புவது. அச்சத்தை முற்றாகத் துடைத்துவிட்டால் நகைப்பும் உடன் வற்றிவிடும். டக்கியுலாவின் கோட்டைச் சுவரிலே முன்னோரின் நிழல் இருப்பதனாலேயே அதன் மரக்கறி உணவு நமக்குச் சிரிப்பூட்டுகிறது.

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய இழப்பொன்றும் இங்குண்டு. நகலின் நகலை முதலிற் கண்டு பழகிய பிள்ளை, மூலம் என்று ஒன்று உண்டென்பதையே அறியாது போகலாம். பிராங்கன்ஸ்ரைன் என்பது பூதத்தின் பெயரென்றே பெரியவர்களிற் பலரும் கருதுகின்றனர். அது அதனைப் படைத்துக் கைவிட்ட மாணவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே இல்லை. திரையிலே உறுமுவதாகவும் சில சொற்களைத் திக்கித் திக்கிப் பேசுவதாகவும் அதனை மாற்றிவிட்டார்கள். நூலிலோ அது மில்ரனின் காவியத்தைப் படிக்கிறது. தன் துயரை நாவன்மையோடு எடுத்துரைக்கிறது. அந்நாவலை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18 என்பதை உயர்வகுப்பு மாணவர் அறிந்தால் தம் வயதை எண்ணிச் சற்று நிமிர்ந்து உட்காரக்கூடும்.

ஆகவே பெட்டியை அணைப்பதற்குப் பதிலாக, டக்கியுலாவைக் கண்டு சிரித்த பிள்ளை வளர்ந்து பதினைந்து, பதினாறு வயதை எட்டும்போது மூலநூலை அதன் கையிற் கொடுக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முதலிலிருந்து முழுவதும் படிக்க வேண்டுமென்று வற்புறுத்தவேண்டாம். காட்டுக் குடிசையொன்றை அடுத்த கொட்டிலில் ஒளிந்திருந்து, சுவர் இடுக்கு வழியாக ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பார்த்தே பூதம் மொழி கற்கும் பகுதியை முதலிற் காட்டலாம். பல மாதங்கள் தயங்கியபின், வீட்டில் மற்றவர் இல்லாத வேளையில், பார்வையற்ற கிழவரிடம் அது சென்று பேசுகிறது. முகத்தைக் காணாத அவர் அன்போடு விடையளிக்கிறார். அந்நேரம் பார்த்து மகன் திரும்பி வருகிறான். உருவத்தைக் கண்ட மாத்திரத்தே தடியெடுத்து அடிக்கிறான். வொன் கூஸ்விங்கைப் பார்த்துச் சிரித்த பிள்ளை அப்பக்கத்திற் சிரிக்காது.