பெயரைத் தமிழில வைக்கவேண்டாம் எண்டு ஆர் சொன்னது?

இரண்டு கோப்புகள். ஒன்றுக்கு ‘அம்மம்மா’ எண்டு பெயர், மற்றதுக்கு ‘தாலாட்டு’. முதலாவது எங்கட தோழி ஒருத்தியின்ர அம்மம்மா ஒரு மத்தியானம் முழுக்க இருந்து கதைச்சது. இடம்பெயர்ந்த கதையைக் கேக்கலாம் எண்டுதான் போனனாங்கள். அவவோ கல்யாணத்துக்கு முதல் தையல் பழகப் போன கதையைத்தான் கூடக் கதைச்சா. இரண்டாவது பக்கத்து வீட்டு ஆச்சி பாடினது, 4 நிமிசம் வரும். இரண்டையும் ஒரு இணையச் சேமிப்புத் தளத்தில ஏத்தினம். இரண்டுக்கும் ‘வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது’ எண்டு பச்சை நிறத்தில செய்தி வந்தது. போனில இடமில்லாததால அங்க இருந்ததை அழிச்சிட்டம்.

மூண்டு மாசம் கழிச்சுப் போய்ப் பாத்தால் ஒரே ஒரு கோப்புத்தான் கிடந்தது. அதுக்குப் பெயரும் இல்லை, வரிசையாக அடிக்கோடுகள் மட்டும். எண்ணிப் பாத்தம், 24. திறந்தால் ஆச்சி தாலாட்டுப் பாடுறா.

அம்மம்மாவின்ர பதிவு போயிட்டுது. அந்த இடைவெளியில அவவும் போயிட்டா.

இதை எழுதுறதுக்குக் காரணம், நடந்ததைச் சொன்ன இடமெல்லாம் எங்களுக்குக் கிடைச்ச ஒரே பதில்: “பெயரை இங்கிலிசில வைச்சிருக்கலாமே, தம்பியவை.” பிழை விட்டது நாங்கள்தான் எண்டது போல. அழிச்சதில எங்கட பிழை இருக்கு, அதை ஒத்துக்கொள்ளுறம். ஆனால் பெயர் வைச்சதில எங்கட பிழை எதுவும் இல்லை எண்டு சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறம்.

முதல்ல அந்த 24 எங்க இருந்து வந்தது எண்டு பாப்பம். ‘அம்மம்மா’ எங்களுக்கு ஐந்து எழுத்து. யூனிக்கோட்டுக்கு எட்டு: அகரம், மகரம், புள்ளி, மகரம், மகரம், புள்ளி, மகரம், கால். ‘தாலாட்டு’ எங்களுக்கு நாலு எழுத்து, யூனிக்கோட்டுக்கு அதுவும் எட்டு. யூ.ரி.எஃப்-8 முறையில தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். எட்டு மூண்டு இருபத்திநாலு. அந்தத் தளம் ஆங்கில எழுத்தும் இலக்கமும் இல்லாத ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு அடிக்கோடு போட்டிருக்கு. இரண்டு பெயரும் ஒரே பெயராகிப் போச்சு. அகரவரிசையில முதல் போன அம்மம்மாவுக்கு மேல, பின்னால போன தாலாட்டு ஏறிக் குந்திட்டுது.

இதை எங்களுக்குப் பிரிச்சுக் காட்டினது விஞ்ஞானபீடத்து நண்பன் ஒருத்தன். நாங்கள் கலைப்பீடம். கொம்பியூட்டர் எண்டால் அசைன்மென்ட் அடிக்கிற, படம் பாக்கிற சாமான் எண்ட அளவிலதான் எங்கட பழக்கம். அவன் சொன்னான், “பிரவுசரை நம்பாம நாங்களே ஏத்திற புரோகிராம் ஒண்டு எழுதுவம், அப்ப எங்க உடையுது எண்டு தெரியும்.” சீ மொழியில எழுதத் தொடங்கினான். அவனுக்கு ஒழுங்காகத் தெரிஞ்ச மொழி அதுதான். அதோட எங்கட அறையில கிடக்கிற பழைய மெசினில பிரவுசரைத் திறந்தாலே தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம். நாங்கள் பக்கத்தில இருந்து பாத்தம், கேள்வி கேட்டுக் கேட்டு அவனை அரியண்டப்படுத்தினம்.

‘அப்லோட்’ பட்டனை அமத்தினால் பின்னால நடக்கிறது உண்மையில ஒரு பார்சல் கட்டுற வேலை. ஒரே பார்சலுக்குள்ள பாடினவவின்ர பெயர், ஊர், ஒலிக்கோப்பு எண்டு பல சாமான்கள் போகவேணும். ஒன்றோட ஒன்று கலக்கக்கூடாது. அதுக்காக ஒரு எல்லைக்கோடு வைப்பினம். பவுண்டரி எண்டு பெயர். 70 எழுத்துக்கு மேல போகக்கூடாத, உள்ள இருக்கிற எந்தச் சாமானிலயும் தற்செயலாகக்கூட வராத ஒரு சரம் அது. எச்.ரி.ரி.பி. கோரிக்கையின்ர தலைப்பில ‘இது மல்ரிபார்ட் ஃபோர்ம் டேட்டா, என்ர எல்லைக்கோடு இது’ எண்டு முதலே சொல்லிவிடவேணும். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால இரண்டு சிறுகோடும் அந்தச் சரமும். அடுத்து அந்தப் பகுதியின்ர பெயரும் கோப்பின்ர பெயரும் இருக்கிற வரி. பிறகு ஒரு வெற்று வரி. அதுக்குப் பிறகுதான் உண்மையான சாமான். கடைசி எல்லைக்கோட்டுக்கு மட்டும் பின்னாலயும் இரண்டு சிறுகோடு, ‘இனி ஒண்டும் இல்லை’ எண்டதுக்கு.

கேக்கச் சுகமாக இருக்கு. முதல் கிழமை எங்கட நண்பன் எல்லாத்தையும் கையால எழுதுவன் எண்டு அடம்பிடிச்சான். அந்தக் கிழமையில பட்ட பாடு சொல்லி மாளாது. வெற்று வரி ஒண்டு விடுபட்டதால சேர்வர் பாட்டை விலாசம் எண்டு நினைச்சு வாசிக்கப் பாத்தது. கோரிக்கையின்ர மொத்த நீளத்தைத் தலைப்பில சொல்லவேணும், கொன்டென்ட் லெங்த் எண்டு. அதில கூட்டிச் சொன்னால் சேர்வர் வராத பைட்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். குறைச்சுச் சொன்னால் வால் அறுந்துபோகும். நாங்கள் இரண்டையும் அனுபவிச்சம்.

ஆனால் எங்களை உலுப்பினது வேற ஒண்டு. ஸ்கான் பண்ணின ஒரு பழைய நோட்டீஸ், 2 மெகாபைட்டுக்கு மேல வரும், சேர்வரில 4 பைட்டாகப் போய்ச் சேர்ந்தது. நாலு மெகாபைட் இல்லை, நாலு பைட். சீயில ஒரு சொல் எங்க முடியுது எண்டு அறியிறதுக்கு அதின்ர கடைசியில ஒரு பூச்சியம் வைப்பினம். நீளம் அளக்கிற ஸ்ட்ரெலென் அந்தப் பூச்சியத்தைக் கண்ட உடன நிண்டுவிடும். சாதாரண ஜேபெக் படத்தின்ர ஐந்தாவது பைட்டே அனேகமாகப் பூச்சியம்தான். நண்பன் படத்தையும் ஒரு சொல்லாக நினைச்சு அளந்திட்டான். வாசிக்கேக்க எத்தின பைட் வந்தது எண்டதை எண்ணி வைச்சு, அந்த எண்ணிக்கைப்படியே அனுப்பவேணும் எண்டது இரவு ஒரு மணிக்குத்தான் பிடிபட்டது. அந்த முறையும் சேர்வர் ‘எல்லாம் சரி, 200’ எண்டுதான் பதில் சொன்னது. அந்தப் பச்சைச் செய்தியை நாங்கள் இப்ப நம்பிறதில்லை. வந்த பார்சலை வாங்கினன் எண்டு மட்டும்தான் அது சொல்லுது, பார்சலுக்குள்ள என்ன இருந்தது எண்டு இல்லை.

இரண்டாம் கிழமை அவன் வீம்பை விட்டிட்டு லிப்கேர்ளுக்கு மாறினான். சுவீடனைச் சேர்ந்த டானியல் ஸ்டென்பேர்க் 1998 இலிருந்து வளர்த்து வாற கேர்ள் திட்டத்தின்ர நூலகம் அது. 2017 இல வந்த 7.56.0 பதிப்பிலிருந்து இந்த வேலைக்கெண்டே ஒரு தொகுதிக் கட்டளைகள் இருக்கு: பொதியை உண்டாக்கு, பகுதியைச் சேர், பெயர் வை, கோப்பைக் காட்டு. எல்லைக்கோடு, நீளக் கணக்கு எல்லாத்தையும் அது பாக்கும். கோப்பை முழுக்க நினைவகத்தில ஏத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக வாசிச்சு அனுப்பும். எங்கட கிழட்டு மெசினுக்கு அது பெரிய உபகாரம். லினக்ஸில இருந்து அனுப்பேக்க ‘அம்மம்மா’வின்ர 24 பைட்டும் குலையாமல் அப்பிடியே போனது. அனுப்பிற பக்கத்தில குறை இல்லை எண்டு அப்பதான் எங்களுக்கு நிச்சயமாச்சு.

வாங்கிற பக்கம்தான் பிரச்சினை. சோதிச்சுப் பாக்கிறதுக்காக வாங்கிற சேர்வரையும் நண்பனே எழுதியிருந்தான். அதிலயே ஒரு கூத்து நடந்தது. ஓய்வுபெற்ற நாடக ஆசிரியர் ஒருத்தர் தன்ர பிரதிகளை ஒரு பென்ரைவில தந்திருந்தார், எல்லாம் பாமினியில அடிச்சது. பழக்கதோசத்தில கோப்பின்ர பெயரையும் பாமினி விசைப்படியே அடிச்சிருக்கிறார். பாமினியில ‘அம்மா’ எண்டு அடிச்சால் உள்ளுக்குள்ள இருக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதாவது மெய்யெழுத்தின்ர புள்ளி ஒவ்வொன்றும் உண்மையில ஆங்கில அரைப்புள்ளி. மல்ரிபார்ட் தலைப்பு வரியில பகுதிகளைப் பிரிக்கிறதும் அதே அரைப்புள்ளிதான்! மேற்கோள் குறிக்குள்ள இருந்தால் அதைப் பிரிக்கக்கூடாது எண்டது விதி. எங்கட ஆள் அதை யோசிக்காமல் கண்ட அரைப்புள்ளியில எல்லாம் வெட்டினான். நாடகங்களின்ர பெயர்கள் முதல் மெய்யெழுத்தோடயே முடிஞ்சுபோச்சு. ஆர் எழுதினாலும் இந்தப் பிழை வரும் எண்டு சமாளிச்சான். இல்லை, தமிழில பெயர் வைக்கிற ஆக்களை நினைச்சுப் பாக்காத ஆர் எழுதினாலும் வரும்.

(ஏட்டுச்சுவடியில புள்ளி வைக்கிறது வழக்கமில்லை எண்டு முதலாம் வருசத்தில படிச்சம். 1887 இல கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற ஆக்கள் புள்ளி இல்லாத ஏட்டில இருந்துதான் பாடம் தேறினவை. புள்ளியால எங்கட ஆக்கள் படுற பாடு புதுசில்லை.)

இனி அந்த ‘இங்கிலிசில வைச்சிருக்கலாமே’ கதைக்கு வருவம். மின்னஞ்சலில படமும் ஒலியும் இணைக்கிற மைம் முறையை உருவாக்கினவர்களில ஒருவரான நதானியல் போரென்ஸ்டீன் 1992 மார்ச்சில அனுப்பின முதல் இணைப்பே தன்ர பாட்டுக்குழுவின்ர படமும் பாட்டும்தான். ஒருத்தர் பாட்டை மற்ற ஆளுக்கு அனுப்பத்தான் இந்தப் பார்சல் முறையே பிறந்தது. அதை வலைப்படிவத்துக்குக் கொண்டுவந்தது 1995 இல ஜெரொக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபெல், மசின்டர் இருவரும் எழுதின ஆர்.எஃப்.சி. 1867. அந்தக் காலத்தில தலைப்பு வரி ஆங்கில எழுத்துக்கு மட்டும் எண்டு இருந்தது, சரி. ஆனால் யூனிக்கோட்டின்ர முதல் பதிப்பிலயே, 1991 இல, தமிழுக்கு இடம் இருந்தது. யூ.ரி.எஃப்-8 வந்தது 1992. மசின்டர் தானே 2015 இல ஆர்.எஃப்.சி. 7578 எண்டு இதைத் திருத்தி எழுதேக்க, கோப்புப் பெயர் யூ.ரி.எஃப்-8 இல வரலாம் எண்டு இடம் விட்டிருக்கிறார். விதி எங்களைத் தடுக்கேல்ல. விதியை வாசிக்காத ஆக்கள்தான் தடுக்கினம். தலையில கீறு போட்ட ‘ஏ’ எழுத்தும் வட்டத்துக்குள்ள ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறி வாற குப்பையை நீங்களும் கண்டிருப்பியள். அது தமிழ்ப் பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக நினைச்சு வாசிச்சதின்ர விளைவு.

அந்தத் தளக்காரரிட்ட நியாயம் கொஞ்சமும் இல்லை எண்டும் சொல்லமாட்டம். வெளியில இருந்து வாற பெயரை அப்பிடியே நம்பினால் ஆபத்து. பெயருக்குள்ள புள்ளியும் சாய்கோடும் வைச்சு வேற அடைவுக்குள்ள எழுதவைக்கிற களவெல்லாம் நடக்கிறது. லினக்ஸில ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல போகாது, தமிழில அது 85 குறிதான். அதுகளுக்கு மருந்து இருக்கு: உள்ளுக்குச் சேமிக்க ஒரு இலக்கத்தை வைச்சுக்கொள், ஆள் தந்த பெயரைத் தனியாக ஒரு தகவலாக அப்பிடியே பத்திரப்படுத்து. நண்பன் எங்கட சேர்வரில அதைச் செய்ய எடுத்தது ஒரு பின்னேரம். ஒரு பின்னேர வேலையைச் செய்யாமல் விட்டிட்டு, ஒரு மொழியில இருக்கிற ஆக்கள் எல்லாரையும் பெயரை மாத்தச் சொல்லுறது என்ன நியாயம்?

எங்கட பீடத்து ஆக்களோடயும் ஒரு கோபம் இருக்கு, எங்களையும் சேத்துத்தான். நாட்டார் வழக்காறு படிக்கேக்க, பாடினவர் ஆர், எந்த ஊர், எப்ப பதிஞ்சது எண்டதில்லாத பதிவு அரைவாசிப் பதிவு எண்டு சோதனையில பக்கம் பக்கமாக எழுதுறம். அந்தப் பெயர் ஏத்தேக்க எங்க போகுது எண்டு கேட்டால், ‘அது ரெக்னிக்கல் ஆக்களின்ர வேலை’ எண்டு தட்டிவிடுறம். ரெக்னிக்கல் ஆக்களுக்கு அது ஒரு சரம், அவ்வளவுதான். ‘ஓடியோ 1, ஓடியோ 2’ எண்டு பெயரை மாத்தி ஏத்தின வேற குழு ஒண்டு எங்களுக்குத் தெரியும். எது ஆரின்ர குரல் எண்டு எழுதி வைச்ச கொப்பி துலைஞ்சுபோச்சு. இப்ப ஒப்பாரி இருக்கு, அழுதது ஆர் எண்டு தெரியாது.

எல்லாரும் சீ படிக்கவேணும் எண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. எங்களுக்கே சுட்டி எண்டால் என்ன எண்டு இன்னும் சரியாக விளங்கேல்ல. ஆனால் ஒரு கோப்பை ஏத்தினால் அதைத் திரும்ப இறக்கி, இரண்டும் ஒண்டுதானோ எண்டு ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு எந்தப் பீடமும் தேவையில்லை. நண்பனின்ர புரோகிராம் இப்ப அதைத் தானாகச் செய்யுது. பொருந்தினால்தான் ‘போனது’ எண்டு எழுதும். இன்னும் ஒரு சிக்கல் மிச்சம்: ‘கொ’வை இரண்டு விதமாக யூனிக்கோட்டில எழுதலாம், கண்ணுக்கு ஒண்டு, கணினிக்கு இரண்டு. ‘கொடிகாமம்’ எண்ட பெயரில இரண்டு கோப்பு பக்கத்துப் பக்கத்தில நிக்குது. அதை எப்பிடிச் சேக்கிறது எண்டு அடிபட்டுக்கொண்டிருக்கிறம்.

தாலாட்டை அந்தத் தளத்தில இருந்து இறக்கி, ஆச்சியின்ர பெயரும் ஊரும் சேத்து எங்கட சேர்வரில போட்டாச்சு. அம்மம்மாவின்ர பதிவுக்குத் தோழி ஞாபகத்தில இருக்கிறதை எழுதித் தந்தவ, இரண்டு பக்கம் வந்தது, கூடுதலாகத் தையல் கதை. அதையும் ‘அம்மம்மா’ எண்டே பெயர் வைச்சு ஏத்தினம். அந்தத் தளத்துக்கு எழுதின மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை. 24 அடிக்கோடும் அங்கயே கிடக்குது.