காலி நாற்காலிகள் எழுதிய தீர்ப்பு

தோழா!

வள்ளியூரிலே பேருந்து ஏறி, நாங்குநேரியைக் கடந்து, நெல்லை வேய்ந்தான்குளம் நிலையத்திலே வந்து இறங்குகிறாய். பாளை மருத்துவமனைக்கு, நீதிமன்றத்துக்கு, மகளைக் கல்லூரியிலே சேர்ப்பதற்கு - உனக்கு ஆயிரம் அலுவல் அங்கே. நெல்லை மாமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க உனக்கு வாக்கில்லை, உண்மை. ஆனால் அந்த மன்றம் வகுக்கும் வழியிலேதான் உன் கால் நடக்கிறது; அங்கே செலவாகும் கோடிகளிலே உன் வரிப்பணமும் கலந்திருக்கிறது. ஆகவே, "நெல்லையின் கணக்கு நமக்கெதற்கு?" என்று ஒதுங்கிவிடாதே.

சந்திப்பிலே பெரியார் பேருந்து நிலையம் இருக்கிறதே, அதைச் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் புதுப்பிப்பதாகச் சொல்லி 2018-இல் மூடினார்கள். இடித்தார்கள். தோண்டினார்கள். தோண்டியபோது மணல் வந்தது. மணலோடு வழக்கு வந்தது. வழக்கோடு தாமதம் வந்தது. கடைக்காரன் வாடிக்கையை இழந்தான். முதியவர்கள் வெயிலிலும் மழையிலும் சாலை ஓரத்திலே நின்று பேருந்துக்குக் கையசைத்தார்கள். 2023 டிசம்பரிலே பெருவெள்ளம் வந்து சந்திப்புப் பகுதியையே மூழ்கடித்துவிட்டுப் போயிற்று. பிறகு, 2024-இல் நிலையம் திறக்கப்பட்டது. கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், இதுதான் முதலில் வேண்டும் என்று கேட்டவர் யார்? எந்த மன்றத்திலே, எந்த நாளிலே, எந்த உறுப்பினர் எழுந்து வாதாடினார்?

நாடகம் எழுதுகிறவன் நான். நடிகர் ஒருவரும் இல்லாத மேடையிலே திரையைத் தூக்கினால் மக்கள் கல்லெறிவார்கள். நெல்லையிலே அது நடந்தது. கல் விழவில்லை, கைதட்டல் கேட்டது! திருநெல்வேலி சீர்மிகு நகரப் பட்டியலிலே இடம்பெற்றது 2017 ஜூன் திங்களில். மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்ததோ 2016 அக்டோபரில். மீண்டும் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்தாண்டுகளுக்கு மேல், 55 வார்டுகளுக்கும் உறுப்பினர் இல்லை, மேயர் இல்லை, எதிர்க்கட்சி இல்லை, கேள்வி இல்லை. தனி அலுவலர் இருந்தார், கோப்பு இருந்தது, கையெழுத்து இருந்தது. நகரத்தின் முகத்தையே மாற்றும் முடிவுகளைக் காலி நாற்காலிகளின் முன்னே எடுத்தார்கள்!

அது மட்டுமா? 2015-இல் வகுக்கப்பட்ட அந்தத் திட்டம் நூறு நகரங்களுக்கு விரிந்தது. நகரொன்றுக்கு மைய அரசு ஐந்நூறு கோடி தரும். அதே அளவு பணத்தை மாநிலமும் நகராட்சி அமைப்பும் போட வேண்டும். பணத்தைச் செலவிட ஒரு நிறுவனம் அமைக்க வேண்டும். அதிலே மாநிலத்துக்குப் பாதி, மாநகராட்சிக்குப் பாதி. மன்றத்தின் அதிகாரங்களை அந்த நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பது நன்று என்று வழிகாட்டு நெறியே பேசிற்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பதினெட்டுப் பணிகளை நகராட்சிகளுக்குரியவை என்று பட்டியலிட்டது. அந்தப் பட்டியலை வாசலிலே மாட்டிவிட்டு, கொல்லைப்புறமாகச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். தேர்தல் நடத்தாத காரணத்துக்காக உள்ளாட்சிகளுக்குரிய மானியத்தை நிறுத்திவைத்த அதே மைய அரசுதான், மன்றமே இல்லாத நகரத்துக்குச் சீர்மிகு பட்டம் சூட்டியது. இந்த விந்தையை யாரும் நாடகமாக எழுதியிருந்தால், "நம்பும்படி இல்லை" என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இன்னொரு பணமும் வந்தது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் வகுத்த மானியத்திலே, நெல்லை போன்ற நகரங்களுக்கு நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிக் கொடுத்தது. கட்டிய பணம் என்றாலே நமக்கு எரிச்சல் வரும். இந்தக் கட்டின்மீது மட்டும் எனக்குக் கோபமில்லை. ஏனென்றால், பொருநையிலே சாக்கடை கலக்கிறது. 2024-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் நேரிலே வந்து ஆற்றைப் பார்க்கும் நிலை வந்தது. நீதிபதி வந்து கரையிலே நின்று பார்த்த பிறகுதான் நம் ஆறு நமக்கே தெரியவேண்டுமா? வணிக வளாகத்துக்கு நாடா வெட்டலாம். பாதாளச் சாக்கடைக்கு வெட்ட நாடா ஏது? மண்ணுக்குள்ளே கிடக்கும் குழாய் புகைப்படத்திலே விழுவதில்லை.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனால் சுலோச்சன முதலியார் பாலத்தைப் பார். 1843-இல் திறந்தது, பதினொரு வளைவுகள். தன் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டினார் அந்த மனிதர். மனைவி நகைகளைக் கழற்றித் தந்தார் என்று ஊர் இன்றும் பேசும். அன்று மன்றமும் இல்லை, வாக்கும் இல்லை. மழைக்காலத்திலே இக்கரையும் அக்கரையும் துண்டுபட்டுக் கிடந்தது எல்லோருக்கும் தெரிந்த துயரம். அதற்கு மருந்தாக அந்தப் பாலம் வந்தது. தேவை முன்னே, பணம் பின்னே! சீர்மிகு நகரத்திலோ பணம் முன்னே வந்தது. அதற்குப் பொருத்தமாகத் தேவையைத் தேடினார்கள்.

2022-இல் மன்றம் வந்ததே, பிறகென்ன என்று கேட்பாய். வந்தது. வந்த மன்றம் பெரும்பொழுதை நாற்காலிச் சண்டையிலே போக்கிற்று. 2024 ஜனவரியிலே மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். கூட்டம் கூடிய நாளில் உறுப்பினர் ஒருவரும் வரவில்லை. மறுபடியும் காலி நாற்காலிகள்! ஜூலையிலே மேயர் விலகினார். ஆகஸ்டிலே புதியவர் வந்தார். ஐந்தாண்டுக்கு மேல் வாக்குக்காகக் காத்திருந்த மக்களுக்கு இதுவா விருந்து?

சீர்மிகு நகரத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. கட்டடங்கள் நிற்கின்றன; அவற்றைப் பேணும் செலவும் நிற்கிறது, ஆண்டுதோறும். அந்தச் செலவு எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு வருகிறது, மிச்சம் எவ்வளவு சாக்கடைக் குழாய்க்குப் போகிறது - இந்தக் கணக்கை மன்றத்திலே வைக்கட்டும். அடுத்து எந்தத் திட்டம் வந்தாலும், தொகையைச் சொல்லுமுன் தேவையைச் சொல்லட்டும். வெள்ளம் வந்தால் அந்த இடம் எத்தனை அடி நீரில் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

2022-இல் வந்த விதிகளின்படி பகுதி சபைகள் உண்டு. நவம்பர் 1, உள்ளாட்சி நாள். 2022-இல் அன்று அவை கூடின. நெல்லையிலே உன் உறவினர் இருப்பார், உன் சம்பந்தி இருப்பார், உன் மகன் குடியிருப்பான். அவர்களை அங்கே அனுப்பு, தோழா. கையிலே ஒரு தாள் கொடுத்து அனுப்பு. "எங்கள் தெருச் சாக்கடை எந்த இடத்திலே ஆற்றில் சேர்கிறது?" என்ற ஒரு கேள்வி மட்டும் அதிலே இருக்கட்டும்.